பெண் பார்க்க வரும் நாளில் தம்பியை எங்கே உட்கார வைப்பது?

டெல்டா மாவட்டம் ஒன்றிலிருந்து 27 வயதுப் பெண் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

இவர் தனியார் வங்கியில் வேலை பார்க்கிறார். அப்பா ஓய்வுபெற்ற அரசுப் பள்ளி ஆசிரியர். அம்மா, அப்பாவின் சொந்த அத்தை மகள். ஒரே தம்பி, வயது 22. பிறவியிலேயே டவுன் சிண்ட்ரோம், அதாவது அறிவுத்திறன் வளர்ச்சியைப் பாதிக்கும் ஒரு குரோமோசோம் மாற்றம். தினமும் தொழிற்பயிற்சி மையத்துக்குப் போய் காகிதக் கவர் ஒட்டுகிறார். காலையில் தனியாகப் போய் பால் பாக்கெட் வாங்கி வருவார். இரண்டு ஆண்டுகளாக அக்காவுக்கு வரன் பார்க்கிறார்கள். இதுவரை இரண்டு முறை பெண் பார்க்க வந்தார்கள். இரண்டு முறையும் தம்பியைப் பின்வீட்டுப் பெரியம்மாவிடம் அனுப்பிவிட்டார்கள். "நிச்சயம் முடியட்டும், அப்புறம் பக்குவமாச் சொல்லிக்கலாம்" என்பது தரகரின் யோசனை. அடுத்த மாதம் மூன்றாவது வரன் வருகிறது.

போன ஆவணியில் சித்தப்பா வீட்டுக் கல்யாணத்தில் பேண்ட் வாத்தியத்துக்குத் தம்பி ஆடியிருக்கிறார். யாரோ அதை வீடியோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கிண்டலாகப் போட, சிரிப்புப் பொம்மைகள் குவிந்திருக்கின்றன. அன்று சாப்பாட்டுக்கும் அவரைக் கடைசிப் பந்தியில்தான் உட்கார வைத்தார்களாம். "அவனுக்குச் சொத்துல பங்கெல்லாம் கிடையாது, எல்லாம் உனக்குத்தான்" என்று சித்தப்பா சொல்வதாகவும் எழுதியிருக்கிறார். கேள்விகள் இவை: தம்பியை மறைப்பது தப்பா? மறைத்துக் கல்யாணம் முடிந்தால் பிறகு வழக்குப் போட முடியுமா? எனக்கும் இப்படிக் குழந்தை பிறக்குமா? பெற்றோருக்குப் பிறகு தம்பிக்கு யார்? பேசாமல் கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிடட்டுமா? கடைசியில் ஒரு வரி: "அவனுக்கு ஒன்றும் புரியாது. ஆனால் கொஞ்ச நாளாகச் சோர்ந்து படுத்தே கிடக்கிறான், சரியாகப் பேசுவதும் இல்லை."

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். நீங்கள் போகிற போக்கில் எழுதியது அது. எனக்கு அதுதான் முதலில் கவனிக்க வேண்டியதாகப் படுகிறது. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்குத் தைராய்டு சுரப்பு குறைவது மிகச் சாதாரணம். சோர்வு, பேச்சு குறைவது, எதிலும் ஆர்வம் இல்லாமல் போவது எல்லாம் அதனால் வரலாம். தூக்கத்தில் மூச்சுத் தடைபடுவதும், காது கேட்பது மெல்லக் குறைவதும் இவர்களிடம் அதிகம். வருடம் ஒரு முறையாவது தைராய்டு பார்த்திருக்க வேண்டும். பார்க்காமல் விட்டிருந்தால் இந்த வாரமே ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். "அவன் நிலைமையே அப்படித்தான்" என்று யாராவது தட்டிக் கழித்தால் வேறு மருத்துவரைப் பாருங்கள். சாதாரணமாகச் சரி செய்யக்கூடிய நோய்கூட இவர்களுக்குக் கண்டுபிடிக்கப்படாமல் போவதற்கு, எதைப் பார்த்தாலும் அந்த ஒரே காரணத்தில் கொண்டு போய்ச் சேர்க்கும் பழக்கம்தான் காரணம்.

பரிசோதனை எல்லாம் சரியாக இருந்தால் அடுத்த சாத்தியத்தைப் பார்க்க வேண்டும். உங்கள் தம்பி மனம் வருந்தியிருக்கலாம். வீடு கூட்டி, கோலம் போட்டு, கேசரி கிண்டி, அக்கா பட்டுப்புடவை கட்டும் நாளில் தன்னை மட்டும் பின்வாசல் வழியாக அனுப்புகிறார்கள் என்பது 22 வயது ஆளுக்குப் புரியாது என்று ஏன் நினைக்கிறீர்கள்? அதுவும் ஒரு முறை இல்லை, இரண்டு முறை. அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்குக் கணக்கு வராமல் போகலாம், நீண்ட வாக்கியம் பேச வராமல் போகலாம். ஒதுக்கப்படுவது தெரியும். அதைச் சொல்ல வார்த்தை கிடைக்காததால் படுத்துக்கொள்கிறார்கள், சாப்பாட்டை ஒதுக்குகிறார்கள், சில நேரம் கோபப்படுகிறார்கள். நான் பார்க்கும் குடும்பங்களில் இது அடிக்கடி நடக்கிறது.

மறைப்பது பற்றி

உங்கள் பெற்றோர் மீது எனக்குக் கோபம் இல்லை. பேருந்தில் முறைத்த கண்களையும், கோயில் வாசலில் "பாவம்" என்று பையன் கையில் பத்து ரூபாய் திணித்துவிட்டுப் போனவர்களையும் 22 ஆண்டுகளாகப் பார்த்தவர்கள் அவர்கள். மகளுக்காவது அந்தப் பார்வை படாமல் இருக்கட்டும் என்றுதான் இப்படிச் செய்கிறார்கள். ஆனால் ஊர் செய்யும் அதே காரியத்தை இப்போது வீட்டுக்குள்ளேயே செய்கிறோம் என்பதை யாராவது அவர்களிடம் மெதுவாகச் சொல்ல வேண்டும். அது நீங்களாக இருந்தால் நல்லது.

தரகர் சொன்ன "அப்புறம் பக்குவமா" என்பது நடைமுறையில் எப்படி முடியும்? நிச்சயத்துக்குப் பிறகு சொன்னால், அவர்களுக்குத் தம்பி ஒரு பிரச்சினையாகத் தெரியமாட்டார், ஏமாற்றத்தின் அடையாளமாகத் தெரிவார். கல்யாணத்துக்குப் பிறகு என்றால் இன்னும் மோசம். மாமியார் வீட்டில் எந்தச் சண்டை வந்தாலும் "இதையே மறைச்சவங்கதானே" என்ற பேச்சு எழும். அந்தப் பேச்சுக்குப் பதில் இருக்காது. முதல் நாள் சொல்லியிருந்தால் கௌரவமாக நின்றிருக்கக்கூடிய ஒரு இளைஞரை, நாமே குற்றப் பொருளாக ஆக்கிவிடுகிறோம்.

வழக்கு பற்றிக் கேட்டீர்கள். இந்து திருமணச் சட்டம் 1955, பிரிவு 12(1)(சி)-யின்படி, எதிர்த்தரப்பைப் பற்றிய முக்கியமான உண்மையை மோசடியாக மறைத்துச் சம்மதம் பெற்றிருந்தால், திருமணத்தை ரத்து செய்யக் கேட்கலாம். விஷயம் தெரிந்த ஓராண்டுக்குள் கேட்க வேண்டும். இங்கே "எதிர்த்தரப்பு" என்றால் மணமகள், அதாவது நீங்கள். உங்கள் தம்பியின் நிலை உங்களைப் பற்றிய முக்கிய உண்மையாகுமா என்பது வாதத்துக்குரியது. நீங்கள் ஜெயிக்கவே வாய்ப்பு அதிகம் என்பது என் எண்ணம். ஆனால் குடும்ப நீதிமன்றத்தில் ஜெயிப்பதற்காகவா கல்யாணம் செய்துகொள்கிறோம்?

ஆகவே ஜாதகம் பொருந்தியதும், அவர்கள் வீட்டுக்கு வரும் முன்பே, அப்பா தொலைபேசியில் சொல்லிவிடட்டும். தரகர் மூலமாக வேண்டாம். அவர் குரலைத் தாழ்த்தி, "ஒரு சின்ன விஷயம்" என்று ஆரம்பித்தாலே அது பெரிய விஷயமாகிவிடும். "எனக்கு ஒரு பொண்ணு, ஒரு பையன். பையனுக்கு டவுன் சிண்ட்ரோம், 22 வயசு, பயிற்சி மையத்துக்குப் போறான். நீங்க வர்றப்ப வீட்டுலதான் இருப்பான். எதுவும் கேக்கணும்னா தாராளமா கேளுங்க." இவ்வளவு போதும். மன்னிப்புக் கேட்கும் தொனியும் வேண்டாம், "தெய்வக் குழந்தை" என்று தூக்கி வைப்பதும் வேண்டாம்.

இதனால் சில வரன்கள் தட்டிப்போகும். அதை உங்களிடம் ஒளிக்க விரும்பவில்லை. இரண்டு ஆண்டுகள் மூன்றாகலாம், அம்மா அழலாம், உறவினர்கள் உங்களைக் குறை சொல்லலாம். இந்த விலை உண்மையானது, அதை நீங்கள்தான் கொடுக்கப் போகிறீர்கள். ஆனாலும் நான் பார்த்தவரை, முன்கூட்டியே கேட்டு, யோசித்து, "சரி, வர்றோம்" என்று வந்த குடும்பங்களில் பெண்கள் நிம்மதியாகத் தம்பியைக் கூப்பிட்டு வைத்துக்கொள்ள முடிகிறது. மறைத்துப் போன பெண்கள் பிறந்த வீட்டுக்கு வருவதற்கே காரணம் தேடுகிறார்கள்.

உங்களுக்கும் இப்படிக் குழந்தை பிறக்குமா?

மாப்பிள்ளை வீட்டார் மனதிலும் இந்தக் கேள்விதான் இருக்கும், கேட்கத் தயங்குவார்கள். எனவே பதிலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் உடலின் ஏறக்குறைய எல்லாச் செல்களிலும் 46 குரோமோசோம்கள், அதாவது மரபணுக்களைத் தாங்கும் இழைகள். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு 21-வது குரோமோசோம் கூடுதலாக இருக்கும். 1959-இல் பிரெஞ்சு மருத்துவர் ஜெரோம் லெஜூன் குழுவினர் இதைக் கண்டறிந்தார்கள். சுமார் 95 சதவீதம் பேருக்கு இது கருமுட்டை அல்லது விந்தணு உருவாகும்போது தற்செயலாக நடக்கும் பிரிவுக் கோளாறு. பரம்பரையாக வருவது கிடையாது. மூன்று நான்கு சதவீதம் பேருக்கு மட்டும் கூடுதல் குரோமோசோம் வேறொரு குரோமோசோமோடு ஒட்டிக்கொண்டிருக்கும். இதை இடமாற்ற வகை என்கிறார்கள். இந்தச் சிறு வகையிலும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் பெற்றோரிடமிருந்து வருவது.

தம்பி பிறந்தபோது கேரியோடைப் என்ற குரோமோசோம் பரிசோதனை எடுத்திருக்கலாம். பழைய பைலில் தேடுங்கள். இல்லாவிட்டால் இப்போதும் எடுக்கலாம், ரத்தம் கொடுத்தால் சில வாரங்களில் முடிவு வரும். தம்பிக்கு வழக்கமான வகை என்றால் உங்களுக்கு இருக்கும் வாய்ப்பு மற்ற பெண்களுக்கு இருக்கும் அதே அளவுதான். இடமாற்ற வகை என்றால் மட்டும் நீங்களும் ஒரு முறை பரிசோதித்துக்கொண்டு, மரபியல் ஆலோசகர் ஒருவரைப் பாருங்கள்.

"சொந்தத்துல கட்டினதாலதான்" என்று உங்கள் அம்மாவிடம் சொல்கிறார்கள் என எழுதியிருந்தீர்கள். நெருங்கிய உறவில் திருமணம் சில மரபணு நோய்களின் வாய்ப்பைக் கூட்டும் என்பது உண்மை. டவுன் சிண்ட்ரோம் அந்த வரிசையில் வருவதில்லை. தாயின் வயது கூடும்போது வாய்ப்பு கூடும், ஆனால் இளம் தாய்மார்களுக்கும் பிறக்கிறது. கிரகணத்தில் வெளியே வந்தது, கர்ப்பத்தில் பப்பாளி சாப்பிட்டது, யாரோ சாபம் விட்டது, இதெல்லாம் காரணமே கிடையாது. இதை அம்மாவை உட்கார வைத்து ஒரு தடவை தெளிவாகச் சொல்லுங்கள். 22 ஆண்டுகளாகத் தன் மேல் பழி போட்டுக்கொண்டிருக்கிற பெண்ணுக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்று சொல்லி முடியாது.

அந்த வீடியோ

கல்யாண வீட்டில் எல்லோரும்தான் ஆடுகிறார்கள். மாப்பிள்ளையின் நண்பர்கள் ஆடினால் உற்சாகம், உங்கள் தம்பி ஆடினால் வேடிக்கை. நம் ஊரில் நடக்கும் அவமானம் பெரும்பாலும் இப்படித்தான் சிரித்துக்கொண்டே நடக்கிறது. யாரும் கல்லெறிவதில்லை. "என்ன பண்றான்?" என்று அவர் முன்னாலேயே உங்களிடம் கேட்பார்கள், அவரிடம் கேட்கமாட்டார்கள். மீசை முளைத்த ஆளைக் கன்னத்தைக் கிள்ளிக் கொஞ்சுவார்கள். அல்லது அடித்துவிடுவாரோ என்று குழந்தைகளை இழுத்துக்கொள்வார்கள்.

படித்தவர்கள், பதவியில் இருப்பவர்கள் இதற்கு விதிவிலக்கு என்று நினைக்க வேண்டாம். 2012-இல் பெருமூளை வாதம் (உடல் அசைவைப் பாதிக்கும் செரிப்ரல் பால்சி) உள்ள ஜீஜா கோஷ் என்ற சமூகச் செயற்பாட்டாளர், மாநாடு ஒன்றில் கலந்துகொள்ளக் கொல்கத்தாவிலிருந்து கோவாவுக்குக் கிளம்பி, இருக்கையில் உட்கார்ந்த பிறகு விமானத்திலிருந்து இறக்கிவிடப்பட்டார். பார்த்த பார்வையிலேயே முடிவு செய்துவிட்டார்கள். 2016-இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. அவர் பேசாமல் வீட்டுக்குத் திரும்பியிருந்தால் அது வெறும் ஒரு கெட்ட நாளாகப் போயிருக்கும்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை உள்ளடக்கியது. அதன் 92-வது பிரிவு, மாற்றுத்திறனாளி ஒருவரைப் பலர் பார்வையில் இழிவுபடுத்தும் நோக்கத்தோடு வேண்டுமென்றே அவமதிப்பதைக் குற்றம் என்கிறது. குறைந்தது ஆறு மாதம், அதிகபட்சம் ஐந்து ஆண்டு சிறை, அபராதமும் உண்டு. வாட்ஸ்அப் குழு "பலர் பார்வை" ஆகுமா, கிண்டலில் இழிவுபடுத்தும் நோக்கம் இருந்ததா என்பதையெல்லாம் நிரூபிக்க வேண்டியிருக்கும். நான் உங்களை நாளைக்கே காவல் நிலையத்துக்குப் போகச் சொல்லவில்லை. சித்தப்பா வீட்டில் பேச வேண்டியதை முதலில் பேசுங்கள். பதிவை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, அதே குழுவில், எல்லோரும் பார்க்கிற மாதிரி எழுதுங்கள்: "இது என் தம்பி. இந்த வீடியோ எங்களுக்கு அவமானமாக இருந்தது. எடுத்துவிடுங்கள்." தனித்தனியாகக் கெஞ்சாதீர்கள். அன்று அம்மா, நீங்கள் உட்பட யாருமே எதிர்த்து எழுதாததால்தான் இது தப்பில்லை என்று மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். எடுக்க மறுத்தால், மேலும் பரப்பினால், அப்போது சட்டப் பிரிவைச் சொல்லலாம், மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கும் எழுதலாம்.

கடைசிப் பந்தி விஷயத்துக்குச் சட்டம் தேவையில்லை. அடுத்த கல்யாணத்தில் நீங்கள் அவர் பக்கத்தில் உட்காருங்கள், முதல் பந்தியில்.

பெற்றோருக்குப் பிறகு

சித்தப்பா சொல்வது தவறு. இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956, பிரிவு 28 தெளிவாக இருக்கிறது. நோய், குறைபாடு, ஊனம் எதையும் காரணம் காட்டி யாருடைய வாரிசுரிமையையும் மறுக்க முடியாது. உங்களுக்கு இருக்கும் அதே உரிமை தம்பிக்கும் உண்டு. 2016 சட்டமும் சொத்து வைத்திருக்க, வாரிசாக, பணத்தை நிர்வகிக்க அவருக்குச் சம உரிமை தருகிறது.

பலருக்கும் தெரியாத ஒன்று உண்டு. 18 வயது முடிந்ததும் பெற்றோர் தானாகவே சட்டப்பூர்வ பாதுகாவலர் ஆகிவிடுவதில்லை. அறிவுத்திறன் குறைபாடு, ஆட்டிசம், பெருமூளை வாதம், பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்காக 1999-இல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வந்தது. அதன்படி மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்துப் பாதுகாவலரை நியமித்துக்கொள்ளலாம். இப்போது அப்பா அம்மா. பின்னாளில் நீங்கள், உங்களுக்கு விருப்பம் இருந்தால். பாதுகாவலர் என்பதற்காக அவர் வாழ்க்கையின் எல்லா முடிவையும் மற்றவர் எடுக்கலாம் என்று அர்த்தமில்லை. எந்தச் சட்டை வேண்டும், எங்கே வேலை செய்ய வேண்டும், யாரோடு இருக்க வேண்டும் என்பதில் அவரிடம் கேட்டுத்தான் ஆக வேண்டும். அதே அறக்கட்டளையின் நிராமயா என்ற மருத்துவக் காப்பீடு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை செலவைத் திருப்பித் தரும்.

அப்பா அரசு ஆசிரியராக இருந்தவர் என்பதால் இன்னொரு முக்கியமான விஷயம். சொந்தமாகச் சம்பாதிக்க இயலாத, அறிவுத்திறன் குறைபாடுள்ள மகனுக்கு வாழ்நாள் முழுவதும் குடும்ப ஓய்வூதியம் பெற வழி இருக்கிறது. அப்பா இருக்கும்போதே ஓய்வூதிய ஆவணங்களில் தம்பியின் பெயரையும் நிலையையும் பதிவு செய்துவிடுவது நல்லது. அவருக்குப் பிறகு அலைவது மிகக் கொடுமை. மருத்துவச் சான்று, யுடிஐடி அட்டை (மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை), ஆதார், வங்கிக் கணக்கு எல்லாவற்றிலும் பெயர் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இதற்கெல்லாம் முதல் படி, ஆட்சியர் அலுவலக வளாகத்தில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரைப் பார்ப்பது. அப்படியே தம்பிக்கு வாக்காளர் அட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள். மனநிலை சரியில்லாதவர் என நீதிமன்றம் அறிவிக்காதவரை, அவருக்கு ஓட்டு உண்டு.

உயிலில் "அக்கா பார்த்துக்கொள்வாள்" என்று ஒரு வரி எழுதினால் போதாது. எந்தச் சொத்து, யார் நிர்வகிப்பது, அவருக்கு முடியாமல் போனால் அடுத்து யார் என்று விவரமாக எழுத வேண்டும். ஒரு தனியார் அறக்கட்டளை அமைப்பது உங்களுக்குப் பொருந்துமா என்று வழக்கறிஞரிடம் கேளுங்கள். முன்பெல்லாம் இந்தக் குழந்தைகள் பெற்றோருக்கு முன்பே போய்விடுவார்கள் என்று நினைத்தார்கள். நல்ல மருத்துவம் கிடைக்கும் நாடுகளில் 1980-களில் சராசரி ஆயுள் 25 வயதை ஒட்டி இருந்தது, இப்போது 60-ஐ எட்டியிருக்கிறது. உங்கள் தம்பிக்கு முதுமையும் வரும் என்று எண்ணித் திட்டமிடுங்கள்.

கல்யாணமே வேண்டாமா?

உங்களுக்கு உண்மையிலேயே கல்யாணத்தில் விருப்பம் இல்லை என்றால் அது வேறு பேச்சு. தம்பிக்காகத் தியாகம் என்றால், வேண்டாம். பத்து வருடம் கழித்து அந்தக் கசப்பு யார் மேல் இறங்கும் என்று யோசித்துப் பாருங்கள். அவரைப் பார்த்துக்கொள்வது உங்கள் ஒருத்தியின் தலையில் விழ வேண்டிய பொறுப்பும் இல்லை. மேலே சொன்ன ஏற்பாடுகளெல்லாம் அதற்காகத்தான்.

மாப்பிள்ளையிடம் நீங்கள் தனியாகப் பேசும்போது பெரிய வாக்குறுதி எதுவும் கேட்காதீர்கள். "உங்க தம்பியை நான் என் பிள்ளை மாதிரி பார்த்துப்பேன்" என்று முதல் சந்திப்பிலேயே சொல்பவரைவிட, "எனக்கு இதெல்லாம் பழக்கம் இல்லை, அவரோட எப்படிப் பேசணும்?" என்று கேட்பவரை நான் நம்புவேன். நம் தெரு, பேருந்து, பள்ளி எதிலும் இவர்களோடு பழகும் வாய்ப்பே கிடைக்காமல் வளர்ந்தவர்கள்தான் பெரும்பாலும் வருகிறார்கள். தெரியாமல் தப்பாகப் பேசுபவரைத் திருத்தலாம். தெரிந்துகொள்ளவே விரும்பாதவரோடு எதுவும் செய்ய முடியாது. தம்பி உங்கள் வீட்டுக்கு வந்து தங்கலாமா, அவர் செலவுக்கு உங்கள் சம்பளத்தில் ஒரு பகுதி போகலாமா என்ற இரண்டையும் நிச்சயத்துக்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள்.

அடுத்த மாதம் வருகிறவர்களிடம் அப்பா தொலைபேசியில் பேசிய பிறகு, வீட்டில் செய்ய வேண்டியது ஒன்றுதான். தம்பியிடம் போய், இன்னார் வருகிறார்கள், அக்காவுக்குக் கல்யாணப் பேச்சு, நீ இருக்கிறாயா, என்ன சட்டை போட்டுக்கொள்கிறாய் என்று கேளுங்கள். கூட்டமும் சத்தமும் பிடிக்காமல் உள் அறையில் இருக்கிறேன் என்று அவரே சொன்னால் இருக்கட்டும், அது அவர் முடிவு. இருக்கிறேன் என்றால் கூடத்தில் ஒரு நாற்காலி கூடுதலாகப் போடுங்கள். வந்தவர்களிடம் அவர் பெயரைச் சொல்லி அறிமுகம் செய்யுங்கள். காபித் தட்டை எடுத்து வரச் சொல்லி வித்தை காட்டவும் வேண்டாம், அவர் பேச ஆரம்பித்தால் நடுவில் புகுந்து மொழிபெயர்க்கவும் வேண்டாம். தைராய்டு முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டு, பேச்சுப் பயிற்சி வேண்டுமா என்பதை அப்போது சொல்கிறேன்.